நீல விளக்கின் கீழே ஒரு மஞ்சள் வேஷ்டி

என் மகளின் கண்ணில் வெள்ளை மஞ்சளாகிவிட்டதை முதலில் பார்த்தது நான் இல்லை, என் நாத்தனார். எனக்கு அப்போது எதையும் உற்றுப் பார்க்கிற தெம்பு இல்லை. வயிற்றில் தையல், சரியாக ஊறாத பால், துண்டு துண்டான தூக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே என்னைப் பிழிந்து கொடியில் போட்டதுபோல் ஆகிவிட்டது. குழந்தை அழுதால் எடுப்பேன், தூங்கினால் கிடத்துவேன். அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவேயில்லை.

நாத்தனார் என் கணவரின் மூத்த சகோதரி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் அம்மா இல்லை, என் கணவருக்கும் இல்லை. ஆகையால் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அவர்தான் வந்தார். மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். வகுப்புகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு பெட்டியும் பிரசவ லேகியமுமாக ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் பிளாட்டில் வந்து இறங்கினார். அவர் இருந்தால் வீடு நடக்கும். ஆனால் அவர் சொன்னபடிதான் நடக்கும். ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்பதிலிருந்து நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்பது வரை அவரிடம் ஒரு முடிவு தயாராக இருந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசவும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

குழந்தையை ஜன்னலோரம் தூக்கிப்போய்ப் பார்த்துவிட்டு, நெஞ்சில் விரலை வைத்து அழுத்தி எடுத்து, மறுபடி பார்த்தார். அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தது. எதிர் பிளாட்டு மாமி காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்றார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆழ்வார்பேட்டையில் குழந்தைகளுக்கான ஒரு சிறிய ஆஸ்பத்திரி. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலையில், பச்சைத் தகர வேலிகளுக்கு நடுவே ஆட்டோ குலுங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் தையல் என்னைக் கூப்பிட்டுப் பேசியது. குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். அளவு அதிகம், இன்றே நீல விளக்கின் கீழே போட வேண்டும் என்றார். விளக்குக்குக் கட்டுப்பட்டால் நல்லது. கட்டுப்படாமல் மேலே ஏறினால் குழந்தையின் இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கும் மேலே போனால் மூளையைத் தொடும், முதலில் காது போகும். இதையெல்லாம் அவர் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதாலேயே ஒரு வார்த்தை தப்பாமல் எல்லாம் உள்ளே இறங்கியது.

என் வேலை என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், நான் வெளிச்சத்தால் மூலக்கூறுகளை உடைக்கிறவள். இரண்டு அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு என்பது இரண்டு எலக்ட்ரான்கள். இருவருக்கும் பொதுச் சொத்து. தகுந்த வெளிச்சம் பட்டால் பிணைப்பு அறுந்துபோகும். பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று என்று நியாயமாகப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், யார்மேலும் மின்னூட்டம் இருக்காது. எப்போதாவது, வெளிச்சத்தில் ஆற்றல் கூடுதலாக இருக்கும்போது, ஒருவன் இரண்டையும் சுருட்டிக்கொண்டு கிளம்புவான். அவன் எதிர்மின் அயனி. வெறுங்கையோடு நிற்கிறவன் நேர்மின் அயனி. வெறுங்கைக்காரன் சும்மா விடமாட்டான், பிடித்து இழுப்பான். அந்தப் பிடியை உதறிக்கொண்டு போகத்தான் அத்தனை ஆற்றல். இந்தப் பாகப்பிரிவினையைத்தான் நான் இத்தனை வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு நானும் நழுவிவிடுவேன்.

குழந்தையின் உடம்பில் இருந்தது வேறு மாதிரியான விவகாரம். பழைய சிவப்பணுக்கள் உடைந்து வருகிற மஞ்சள் பொருள் பிலிருபின். அது கையைக் காலை மடக்கிச் சுருண்டு படுத்திருக்கும் மூலக்கூறு. தண்ணீரோடு ஒட்டக்கூடிய அதன் அமில முனைகள் இரண்டும், ஹைட்ரஜன் பிணைப்புகளால் உள்ளுக்குள்ளேயே இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். ஆகையால் தண்ணீரில் கரையாது, வெளியேறாது, கொழுப்பாக எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். மூளையிலும் கொழுப்பு இருக்கிறது. நீல வெளிச்சம் பட்டால் அதன் ஓர் இரட்டைப் பிணைப்பு ஒரு கணம் தளர்கிறது. மூலக்கூறு முறுக்கிக்கொள்கிறது. உள்ளே கட்டியிருந்த கட்டுகள் அறுகின்றன. முனைகள் வெளியே வந்து, தங்கள் ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு, அயனியாக நிற்கின்றன. அதன் பிறகு தண்ணீர் அதைச் சேர்த்துக்கொள்ளும், பித்தத்தோடு போய்விடும். வகுப்பில் இதை எத்தனையோ முறை பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். படத்தில் குழந்தை இருக்காது.

எங்களுக்குக் கொடுத்த கருவியில் மேலேயும் விளக்கு, கீழேயும் விளக்கு. நடுவில் கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் தொட்டில். டயப்பர் தவிர உடம்பில் எதுவும் கூடாது, கண்ணுக்கு மட்டும் ஒரு கறுப்புப் பட்டை. என் மகள் அதில் கிடந்து கைகளை விரித்து அலறினாள். கீழே பிடிப்பில்லை, சுற்றிலும் யாரும் இல்லை, கண்ணும் தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். வார்டு ஆயா தடுத்துவிட்டாள். நொச்சிக்குப்பத்துக்காரி, அவளும் இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்துக் களைத்திருந்தாள்.

"தூக்காத மா. நீ தூக்கிக்கினே இருந்தா லைட்டு யாருக்கு எரியுது? பால் குடுக்க சொல்ல மட்டும் எட்த்துக்கோ."

அவள் சொன்னது நியாயம். என் கை, என் உடம்பு, என் புடவை எல்லாமே வெளிச்சத்தை மறைக்கிற பொருட்கள். பெற்றவள் செய்ய வேண்டிய ஒரே காரியம் தள்ளி உட்கார்ந்திருப்பது. உட்கார்ந்திருந்தேன். மார்பில் பால் தானாகக் கசிந்து ரவிக்கை நனைந்தது. வீட்டில் கெஞ்சியும் ஊறாத பால், கொடுக்க முடியாத நேரம் பார்த்து வந்தது. அந்த அறையின் நீலம் தலைக்குள் போய் வலித்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை. விழித்தபோது அறை அமைதியாக இருந்தது. குழந்தை தொட்டிலில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பயந்துபோய் எழுந்தேன். அக்கா உதட்டில் விரலை வைத்து, பாலாடையில் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது, நீயும் தூங்கு என்று சைகை காட்டினார். நர்ஸ் எட்டிப் பார்த்து, பாப்பா செட்டில் ஆகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுப் போனாள். எனக்கும் சந்தோஷம்தான். எப்படி அடங்கினாள் என்று யாரும் கேட்கவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தினால் காரணம் கேட்கிற பெண் உலகத்தில் கிடையாது.

மறுநாள் காலை எடுத்த இரத்தத்தில் அளவு இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த விளக்கில் இவ்வளவு நேரம் கிடந்தால் இறங்கியிருக்க வேண்டும், ஏன் இறங்கவில்லை என்று பார்க்க வேறு சில சோதனைகளுக்கும் எழுதினார். சாயங்காலம் மறுபடி பார்ப்போம், அப்போதும் இப்படியே என்றால் இரத்தம் மாற்ற ஏற்பாடு செய்துவிடலாம், எதற்கும் இரத்தத்தை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள் என்றார். என் கணவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா கபாலிக்கு என்னவோ வேண்டிக்கொண்டு முந்தானையில் முடிச்சுப் போட்டார். எனக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம், அதில் அறிவு ஒரு துளி கலக்கவில்லை. அந்தச் சின்னத் தொப்புள் வழியாகக் குழாய் விடுவார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வேதிப்பொருள் என் பெண்ணின் காதைத் தேடி நகர்ந்துகொண்டிருக்கிறது, நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டிருக்கிறேன்.

மத்தியானம் தலைவலி தாங்கவில்லை. ஆயா எங்கிருந்தோ ஒரு தேன்நிறக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த விளக்கோடு நாள் முழுக்க இருக்கும் நர்ஸுகள் போட்டுக்கொள்வது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நீல லேசர் ஓடும்போது நாங்களும் இதே மாதிரிதான் போட்டுக்கொள்வோம். நீலத்தை முழுக்க விழுங்கிவிடும். போட்டதும் அறை இருட்டாயிற்று. கண்ணுக்கு அப்படி ஓர் ஆறுதல். தொட்டில் பக்கம் திரும்பினேன். குழந்தை வெறும் நிழலாகத் தெரிந்தாள், அப்படித்தான் தெரிய வேண்டும்.

ஆனால் அவளுக்குக் கீழே ஏதோ பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

நான் களைத்துப்போயிருந்தேனே தவிர, கண் பழக்கம் களைக்கவில்லை. நீலத்தை விழுங்கும் கண்ணாடி வழியாகப் பச்சை தெரிகிறது என்றால், அங்கே ஏதோ ஒன்று நீலத்தைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பச்சையாகத் துப்புகிறது என்று அர்த்தம். இதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். நீல வெளிச்சத்தில் சாதாரண மங்கல் துணிபோல் இருந்தது. மறுபடி போட்டேன். பச்சை. அருகே போய்த் தொட்டேன். நைந்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய பருத்தித் துணி, இரண்டாக மடித்து, தொட்டிலின் அடிப்பக்கம் முழுக்க விரித்திருந்தது.

இது என்ன துணி என்று அக்காவைக் கேட்டேன். அவர் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

"நம்மாத்து வேஷ்டிதான். புண்யாகவாசனம் ஆற வரைக்கும் புதுத்துணி போடப்படாதோன்னோ, அதான் மஞ்சள்ல நனைச்சுக் காயவெச்சு எடுத்துண்டு வந்தேன். வெறும் பிளாஸ்டிக்ல குழந்தை எப்படிப் படுத்துப்பா? போட்டப்புறம்தான் தூங்கினா."

எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு அப்படித்தான். பதினோராம் நாள் பேர் வைக்கிற வரை பழைய வேஷ்டிதான், அதுவும் மஞ்சள் தண்ணீரில் தோய்த்தது. என்னையும் அதில்தான் சுற்றினார்கள், என் கணவரையும் அதில்தான் சுற்றினார்கள். அன்பாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் மஞ்சளில் இருக்கிற நிறப்பொருளுக்கும் என் மகள் இரத்தத்தில் இருக்கிற நிறப்பொருளுக்கும் ஒரே பசி. இரண்டும் நீலத்தைத்தான் சாப்பிடும். கீழ் விளக்கிலிருந்து அவள் முதுகுக்குப் போக வேண்டிய வெளிச்சத்தை வேஷ்டி வழியிலேயே வாங்கிக்கொண்டிருந்தது. மடித்த துணி மறைத்தது போதாதென்று மஞ்சள் வேறு. நர்ஸுகள்மேலும் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நீலத்தில் மஞ்சள் மஞ்சளாகவே தெரியாது. கண்ணாடி போட்டால் தெரிவது பச்சை, ஆஸ்பத்திரித் துணி என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு என்றால் கத்தியிருப்பேன். அன்று கத்துவதற்கான மூச்சு வயிற்றுத் தையலைத் தாண்டி வரவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. அயனி, அலைநீளம் என்று ஆரம்பித்தால் அவர் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார் என்று தெரியும். அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"அக்கா, புடவைல சாம்பார் கொட்டினா மஞ்சக் கறை எப்படிப் போகும்?"

"வெயில்ல போட்டாப் போயிடும். இப்ப எதுக்குடி அது?"

"வெயிலைச் சாப்ட்டுத்தான் அந்த மஞ்சள் அழியறது. இங்கேயும் அதான். குழந்தைக்குப் போட்ட வெளிச்சத்தை வேஷ்டி சாப்ட்டுண்டிருக்கு."

குழந்தையை ஒரு கையால் நானே தூக்கிக்கொண்டு மற்றக் கையால் துணியை உருவினேன். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டே, துணியை வராந்தாவின் சாதாரண வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கைப்பிடிச் சுவரில் விரித்துக் காட்டினேன். ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. குழந்தை கிடந்த நடு இடத்தில் மட்டும் மஞ்சள் மிச்சம் இருந்தது. அக்கா அந்த மிச்சத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் உள்ளே வந்து, துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அவர் காலால் ஒரு துணியைத் தள்ளி நான் பார்த்ததில்லை.

ஆயாவிடம் சொன்னேன். அவள் நர்ஸைக் கூப்பிட்டாள், நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டாள், கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் குறை சொன்னார்கள். பிறகு குழந்தையை மறுபடி வெறும் பிளாஸ்டிக்கில் கிடத்தினார்கள். எதிர்பார்த்ததுபோலவே வீறிட்டாள். கால் உதைத்து, முதுகை வளைத்து, தொண்டை கட்டிப்போகிற அழுகை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா தொட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். இரண்டு பெரிய பெண்கள், நாலு கைகள், ஒன்றுக்கும் உபயோகமில்லை.

"தூக்கத்தானே கூடாது. பாடலாமோன்னோ?" என்று அக்கா கேட்டார். என்னைப் பார்த்து, அனுமதி கேட்கிற குரலில் கேட்டார். அதுவரை அவர் என்னிடம் அனுமதி கேட்டதே இல்லை.

பாடலாம் என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு வார்த்தை இல்லாமல் வெறும் ராகத்தை, மிகவும் மெதுவாக, தொட்டில் ஓரத்தில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே பாடினார். என் மகள் உடனே அடங்கிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அடங்கவில்லை. வெகுநேரம் அழுதாள். அக்கா வெகுநேரம் பாடினார். அழுகை நடுவில் மூச்சு வாங்குகிற இடைவெளிகள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டன, அவ்வளவுதான். அந்தக் காது இன்னும் கேட்கிறது என்பதற்கு எனக்கு அது போதும். பக்கத்துத் தொட்டில்காரரின் மாமியார் வந்து எட்டிப் பார்த்து, கச்சேரி எப்போது முடியும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அளவு ஏறவில்லை, இறங்கவும் இல்லை. நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பொறுத்தலில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. என் கணவர் இட்லி வாங்கிவந்தார், யாரும் சாப்பிடவில்லை, கடைசியில் ஆயா வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலை எடுத்ததில் அளவு இறங்கியிருந்தது. மத்தியானம் இன்னும் இறங்கியது. டயப்பரில் கரும்பச்சையாகப் போயிருந்தாள். முறுக்கிக்கொண்டு, கட்டவிழ்ந்து, தண்ணீரோடு சேர்ந்துகொண்ட அந்தப் பொருள் வெளியே வந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டு நான் சிரித்தேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

துணியால்தான் இறங்காமல் இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சில குழந்தைகளுக்கு மெதுவாகத்தான் இறங்கும். அவர் சொல்வதும் சரி. ஒரே ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். இன்னொன்று என்னிடம் இல்லை. அக்காவிடம் அதைச் சொன்னேன், சமாதானமாக இருக்கட்டும் என்று. அவர் சமாதானம் ஆகவில்லை. அன்று முழுக்க அவர் எதற்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. காபியில் சர்க்கரை போதுமா என்று என்னைக் கேட்டார். அந்த அக்காவோடு இருப்பது, பழைய அக்காவோடு இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

விளக்கை அணைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது வெயில் இறங்கியிருந்தது. நர்ஸ் முதலில் மேல் விளக்கை, பிறகு கீழ் விளக்கை நிறுத்தினாள். கண் பட்டையை மெதுவாக உரித்தாள். ஜன்னல் திரையை ஆயா விலக்கினாள். என் மகளை நான் இவ்வளவு நாளாகச் சிவப்பாகப் பார்த்திருந்தேன், மஞ்சளாகப் பார்த்திருந்தேன், கடைசியில் நீலமாகவும் பார்த்திருந்தேன். அவளுடைய சொந்த நிறத்தை அப்போதுதான் முதல் முறை பார்த்தேன். நெற்றியிலிருந்து கால் விரல் வரை நல்ல கறுப்பு.

எங்கள் கல்யாணப் பேச்சின்போது, பெண் நிறம் கொஞ்சம் மட்டு என்று என் காதுபடச் சொன்னவர் அக்காதான். அதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அவர் குனிந்து குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். அழுத்திய இடத்தைப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அழுத்தினார். கையில், தொடையில், பாதத்தில் என்று ஒவ்வோர் இடமாக அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே போனார்.

"கறுப்புடி," என்றார். குரல் உடைந்து போயிருந்தது. "உன்னாட்டமே கறுப்பு. மஞ்சளே இல்லை."

அப்படிச் சொல்லிவிட்டு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையை அந்த வார்டு நடுவில் நின்று அழுதார். நான் குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.